உங்கள் மகள் கட்சித் தலைவரான விபரம்

சேசு மரி சூசை துணை

பொகவந்தலாவை,
1960, பெரிய வியாழன்.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய, டயகமத் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை மாமா திரு. றோலண்ட் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் லியனார்ட் தலைகுனிந்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் பேக்கரி அடுப்பும் சுகமாக இருக்கிறோம். தாங்களும் மாமியும் தோட்டத்து ஆபீசும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் ஒரு மணி கூடுதலாக உருட்டுகிறேன். உங்கள் மகள் மரியநாயகியும் சுகம்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் டயகம பஸ் டிரைவரிடம் சொல்லியனுப்பிய கேள்வி வந்து சேர்ந்தது. அவர் அதைக் காதோடு சொல்லவில்லை. கடைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, ஹோர்ன் அடித்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "லியனார்ட் அண்ணே, ஒங்க சம்சாரம் செவப்புக் கொடிக் கட்சிக்குத் தலைவராயிட்டாங்களாமே, மெய்யா பொய்யான்னு ஒங்க மாமனாரு கேக்கச் சொன்னாரு, அவரோட பெரியதொர அவரக் கூப்ட்டுக் கேட்டாராம்!" என்று கத்தினார். மாமா, மெய்தான். ஆனால் தாங்கள் துரையிடம் தைரியமாகப் போய்ச் சொல்லலாம், இன்னும் இரண்டொரு நாளில் அது பொய்யாகிவிடும். ராஜினாமாவை நானே எழுதி வைத்துவிட்டேன். உங்கள் மகள் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி. அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கேட்ட பிறகு என்னைத் திட்டுவதானாலும் அளவாகத் திட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.

கடைக்கு மேலே உள்ள அறையை மலைநாட்டுச் சமதர்மக் கட்சிக்கு நான் விட்டது கொள்கைக்காக அல்ல. கூட்டம் கூடினால் பணிஸ் விற்கும் என்ற எண்ணம்தான். பணிஸ் விற்றது உண்மை. தேர்தல் காலத்தில் பார்க்க வேண்டுமே மாமா! ஒவ்வொரு ஞாயிறும் தோட்டத்துச் சனம் மலையிலிருந்து இறங்கி வந்து கடைவீதியை அடைத்துக்கொண்டு நின்றது. மாலை, மேளம், கொடி எதற்கும் குறைவில்லை. எங்கள் வேட்பாளர் கண்டிக் கோர்ட்டிலிருந்து வந்த அப்புக்காத்து ஐயா; கட்சிக்குத் தலைவரும் அவரேதான். அவர் இந்தச் சனத்தைப் பார்த்துவிட்டு மந்திரியானால் எந்த இலாகாவைக் கேட்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் எண்ணிப் பார்த்தால் அவருக்கு விழுந்ததைவிடச் செல்லாத ஓட்டுகள் அதிகம். ஏனென்றால் கூடி நின்ற அந்தச் சனத்தில் யாருக்கும் ஓட்டே கிடையாது. சுதந்திரம் வந்த கையோடு நம் சனங்களின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டார்களே. என் பெயரும் அதோடு போனதுதான். தாங்கள் பதிவுப் பிரஜை, தங்களுக்கு ஓட்டு உண்டு. யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். ஓட்டுப் போடும் நாளில் நம் சனங்கள் ரோட்டோரம் நின்று, மற்றவர்கள் போய்ப் போட்டுவிட்டு வருவதைக் கல்யாண ஊர்வலம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோற்ற மறுநாள் காரில் ஏறிப் போன அப்புக்காத்து ஐயா, உடம்பு சரியில்லை, தலைமையிலிருந்து விலகுகிறேன் என்று ஒரு தந்தி கொடுத்தார். ஆகவே புதிய தலைவர் ஒருவர் வேண்டியிருந்தது. கட்சிக்குள் இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து முத்துலிங்கம் மாஸ்டர். அவர் எதையும் வேரிலிருந்து விளக்கத் தொடங்குவார், கிளைக்கு வருவதற்குள் பணிஸ் தீர்ந்துவிடும். மற்றவர் வீரய்யா. தேயிலை ஸ்டோரில் அரைக்கும் மெசின் பக்கம் வேலை. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகியதால், அவர் ஒருவரிடம் ரகசியம் சொன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் அதற்குப் பதில் சொல்வார்கள். புறநிலைச் சூழல் இன்னும் பழுக்காததால்தான் தோற்றோம் என்றார் மாஸ்டர். கடைசிக் கூட்டத்தில் மைக் செட் பழுதானதால்தான் தோற்றோம் என்றார் வீரய்யா. குருத்தோலை ஞாயிறன்று மேலறையில் ஓட்டெடுப்பு வைத்து முடிவுசெய்வது என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒன்றில்தான் இரண்டு பேரும் ஒத்துப் போனார்கள்.

அன்றைக்கு உங்கள் மகள் பூசைக்குப் போய்விட்டு, கையில் குருத்தோலையும் உடம்பில் பெருநாள் சேலையுமாக வந்தாள். மேலே தோழர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க ஆளில்லாததால் பெரிய கேத்தலை நான்தான் அவள் கையில் கொடுத்து அனுப்பினேன். மாமா, இது ஒன்றுதான் என் பக்கத்துத் தப்பு. அவள் மேலே போய் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கொழுந்து பறிக்கும் காளியாயி என்ற மனுசி மூச்சிரைக்கப் படியேறி வந்து, "அழகம்மா வீட்டுச் சாமானெல்லாம் தூக்கி வெளிய வீசுறாங்க! எல்லாரும் கடைக்கு வந்திருக்க நேரம் பாத்து வந்திருக்கானுங்க!" என்று அலறினாள். அழகம்மா யார் என்று தங்களுக்குத் தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் புருசனை இழந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். தேர்தல் ஊர்வலத்தில் முன்னால் நின்று கொடி பிடித்தாள். கட்சி தோற்றதும் அவளுக்குப் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இப்போது குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் பறிக்க வந்துவிட்டார்கள்.

மேலறையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். முத்துலிங்கம் மாஸ்டர் உடனே ஒரு கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று ஆரம்பித்தார். "'மிக வன்மையாக'ன்னு போடுங்க மாஸ்டர்" என்று வீரய்யா முழங்கினார். 'மிக' போட்டால் தீர்மானத்தின் தத்துவ நிதானம் குலையும் என்றார் மாஸ்டர். இந்த விவாதம் சூடாக நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் மகள் கேத்தலை மேசையில் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "வா காளியாயி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். "ஏய் நாயகி, எங்க போற? அடுப்புல பாண் கெடக்கு!" என்று நான் கேட்டதற்கு, "நீங்க பாத்துக்கங்க, வந்துர்றேன்" என்றாள், பக்கத்துக் கடையில் உப்பு வாங்கப் போகிறவள்போல. கடைவீதியில் சாமான் வாங்க வந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். யாரும் கூப்பிடவில்லை மாமா. கூடைகளோடும் பிள்ளைகளோடும் அப்படியே நடந்தார்கள். அவளைத் திருப்பிக் கூட்டிவரலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். பாலம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. நம்மூர் சித்திரை மழை தங்களுக்குத் தெரியாததல்ல.

லயத்துக்கு முன்னால் நான் கண்டதை எப்படி எழுதுவேன்! சட்டி பானை, சாக்குப் படுக்கை, மாரியம்மன் படம் எல்லாம் சேற்றில் கிடந்தன. அழகம்மா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு வடிகானோரம் குந்தியிருந்தாள். தோட்டத்துக் காவல்காரன் ஒருவன் அம்மிக்கல்லைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். உங்கள் மகள் அவன் முன்னால் போய் நின்று, "பாவம், தனியாத் தூக்குறியாப்பா? மழை கொட்டுது பாரு, அத உள்ளாரயே வச்சிரு" என்றாள். அவள் சொன்ன தோரணையில் அவன் திரும்பிப் போய் அம்மியை உள்ளேயே வைத்துவிட்டான்! வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது. அதற்குள் உங்கள் மகள் சேற்றில் கிடந்த பானையை எடுத்துத் துடைத்து உள்ளே கொண்டுபோனாள். காளியாயி படுக்கையை எடுத்தாள். அடுத்தவள் படத்தை எடுத்தாள். காவல்காரர்கள் வெளியே கொண்டுவரக் கொண்டுவரப் பெண்கள் உள்ளே கொண்டுபோனார்கள். காம்பரா வாசல் ஒரு ஆள் அகலம்தான். உள்ளே போகிறவளும் வெளியே வருகிறவனும் முட்டிக்கொண்டு, ஒரு கட்டத்தில் ஒரே சுளகை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு "நீங்க போங்க", "இல்ல நீங்க போங்க" என்று நின்றார்கள். யாரும் கோசம் போடவில்லை. யாரும் ஏசவில்லை. மழைச் சத்தமும் சட்டிச் சத்தமும் மட்டும்தான். குடையை விரிக்க மறந்து நான் நனைந்துகொண்டு நின்றேன். கல்யாணம் செய்து இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருக்கிறோம், மாமா. அன்றுதான் நான் அவளை முழுசாகப் பார்த்ததுபோல் இருந்தது.

அப்போது அந்தத் தோட்டத்துச் சின்னதுரை குதிரையில் வந்தார். இங்கிலாந்திலிருந்து வந்து அதிகக் காலம் ஆகாத வாலிபர். இறங்கியதும் கோபமாக, "யாரு நீ? எந்த லயம்?" என்று கேட்டார். உங்கள் மகள் கும்பிட்டுவிட்டு, "நான் இந்தத் தோட்டம் இல்லீங்க ஐயா. டயகம றோலண்ட் கணக்கப்பிள்ளையோட மக" என்றாள். நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாலிபர், "ஓ! றோலண்ட் கணக்கப்பிள்ளை!" என்று தொப்பியைக் கழற்றிவிட்டார். வந்த புதிதில் டயகமவில் வேலை பழகியபோது தாங்கள்தான் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தீர்களாமே. ஆகையால் மாமா, இதில் தங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிய மனுசன் தலையில் மழை கொட்டியது. "ஐயா, நனையாதீங்க, இஸ்தோப்புக்குள்ள வாங்க" என்றாள் உங்கள் மகள். அவர் திண்ணையில் ஏறி வந்தார். அங்கே அத்தனை பெண்களும் உட்கார்ந்திருந்ததால் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றார். யாரோ உள்ளே அடுப்பு மூட்டி, அழகம்மாவின் குவளையில் அழகம்மாவின் தேத்தண்ணியை ஊற்றி, அழகம்மாவின் கையாலேயே அவரிடம் கொடுக்கச் செய்தார்கள். அவர் குவளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சேறு படிந்த அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். குடித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலறைத் தோழர்கள், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி, கொடியோடு ஊர்வலமாக வந்து சேர்ந்தார்கள். வீரய்யா வாயைத் திறந்து "முதலாளித்துவம்..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், காளியாயி விரலை உதட்டில் வைத்து, "ஸ்ஸ்! அண்ணே, சத்தம் போடாதீங்க, சின்னதொர தேத்தண்ணி குடிக்கிறாரு" என்றாள். வீரய்யா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோசத்தை விழுங்கினார். சின்னதுரை குவளையைத் தானே கழுவக் கொண்டுபோவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் படியில் வைத்துவிட்டு, "இன்னைக்கு வேணாம். பெரியதொரகிட்ட நான் பேசுறது" என்று சொல்லிக் குதிரையேறிப் போனார். காவல்காரர்களும் போனார்கள். போகும்போது, அம்மியை வைத்தவன் அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்கமாட்டேன். ஓட்டெடுப்பு பாக்கியிருந்ததே! எல்லாரும் நனைந்த துணியோடு மேலறைக்கு வந்தார்கள். உங்கள் மகள் வரவில்லை. அவள் நேரே அடுப்படிக்குப் போய் பாண் தட்டுகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, கருகியதற்கு என்னை ஏசிக்கொண்டிருந்தாள். மேலே மேசையில் இரண்டு பிஸ்கட் டின்கள். மாஸ்டருடையதில் புத்தகப் படம், வீரய்யாவுடையதில் கைமுட்டி. "அங்கத்தவர்கள் மட்டும்தான் வாக்களிக்கலாம்" என்றார் மாஸ்டர். காளியாயி கேட்டாள்: "கொடி புடிச்சு நடந்தப்ப மெம்பரான்னு கேட்டீங்களா மாஸ்டரு?" மாஸ்டர் நல்ல மனுசன். மிஞ்சிக் கிடந்த தேர்தல் நோட்டீசுகளைக் கிழித்து எல்லாப் பெண்களுக்கும் சீட்டுக் கொடுத்தார்.

மாமா, சிரிக்காமல் கேளுங்கள். அந்தத் துண்டுக் காகிதத்தைக் கையில் வாங்கியதும் நற்கருணை வாங்கப் போகிற வரிசைபோல நின்றார்கள். காளியாயி சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வெள்ளைக்காரன் காலத்துல ஒரே ஒரு தடவ போட்டேன். அப்ப ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நெறத்துல பொட்டி. அதுக்கப்புறம் இப்பத்தான்" என்றாள். பிறகு இரண்டு டின்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "நாயகியக்காவுக்கு எந்தப் பொட்டி?" என்று கேட்டாள்.

"அவங்க நிக்கலியே" என்றார் மாஸ்டர்.

"நிக்கலையா? அந்த மழையில வேற யாரு நின்னா?"

காளியாயி மேசையில் காலியாக இருந்த என்னுடைய கேத்தலின் மூடியைத் திறந்து, சீட்டை உள்ளே போட்டு, மூடியை மூடிக் கும்பிட்டாள். அடுத்தவளும் அதில்தான் போட்டாள். அதற்கடுத்தவளும். அழகம்மா தன் சின்னப் பிள்ளையைத் தூக்கி, அதன் கையாலேயே போடவைத்தாள். கேத்தல் சட்டப்படி பெட்டி ஆகாது என்று மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார், யாருக்கும் கேட்கவில்லை. வீரய்யா தன் டின்னை நோக்கி நடந்தார், பாதியில் நின்றார், திரும்பிக் கேத்தலிடம் போனார். என் பக்கம் திரும்பி, அவரால் முடிந்தவரை மெதுவாக, "என் தொண்டைய நான் ரொம்ப நம்பிட்டேன் அண்ணே" என்றார். கீழே உங்கள் மகளுக்குக் கேட்காமல் போனது அடுப்புச் சத்தத்தால்தான். பிறகு என் கையிலும் ஒரு சீட்டைத் திணித்தார். "நான் கட்சி இல்லையே" என்றேன். "போடுங்க அண்ணே, சும்மா" என்றார். நான் இந்த நாட்டிலே பிறந்து, இந்த நாட்டு மாவைப் பிசைந்து, இந்த ஊருக்கே பாண் போடுகிறவன். இதுவரை யாரும் என்னிடம், உனக்கு யார் வேண்டும் என்று கேட்டதில்லை. போட்டேன் மாமா. எதில் போட்டேன் என்பது இரகசியம்; ஆனால் மூடி சூடாக இல்லை என்பது நினைவிருக்கிறது.

எண்ணும்போது தேயிலைச் சக்கையோடு சீட்டுகளைக் கரண்டியால்தான் எடுக்க வேண்டியிருந்தது. வீரய்யாவின் டின்னில் ஒன்றும் இல்லை. மாஸ்டரின் டின்னில் ஒரே ஒரு சீட்டு. அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அதை மாட்டிக்கொண்டபின் அவரே முதல் ஆளாகக் கீழே இறங்கி, "தோழர் மரியநாயகி, தாங்கள் தலைவராகத் தெரிவாகியுள்ளீர்கள்" என்றார். உங்கள் மகள், "என்னது? நானா? தள்ளி நில்லுங்க மாஸ்டர், தட்டு சுடும்" என்று கடைசித் தட்டை இழுத்துப் போட்டாள். பிறகு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, "நாளைக்குக் காலைல வேலைப் பெரட்டுல அழகம்மா பேரக் கூப்பிடலைன்னா என்ன செய்றதுன்னு யாராச்சும் யோசிச்சீங்களா?" என்று கேட்டாள். யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கேள்வியோடு அவள் தலைவராகிவிட்டாள்.

மறுநாள் விடியும்போது பெரட்டுக் களத்தின் வேலிக்கு வெளியே, ரோட்டில், நாங்கள் எல்லாரும் பனியில் நின்றோம். நானும் பாண் கூடையோடு நின்றேன், விற்கிற சாக்கில். உள்ளே கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பினார். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமி, "அழகம்மா" என்றார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காளியாயிதான் சத்தமாகச் சொன்னாள்: "இருக்கா ஐயா, இங்கதான் இருக்கா!" மாமா, நான் எத்தனையோ பெரிய திருநாள் பூசை கண்டிருக்கிறேன், ஆயர் வந்து நின்ற கூட்டத்தையும் கண்டிருக்கிறேன். அந்தக் குரலைக் கேட்டபோது பிடித்த சிலிர்ப்பு எனக்கு வேறெங்கும் வந்ததில்லை.

இருந்தாலும் குடும்பம், கௌரவம், தங்கள் உத்தியோகம் எல்லாவற்றையும் யோசித்து, நான் முன்பு சொன்னபடி ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு முன் கையெழுத்து வாங்கிவிடுவேன். தாங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். மாமிக்கு எங்கள் எல்லாருடைய அன்பும், தங்களுக்கு எங்கள் எல்லாருடைய கீழ்ப்படிதலும். உயிர்த்த ஆண்டவர் தங்கள் வீட்டுக்குச் சமாதானத்தையும் தங்கள் துரைக்கு நல்ல மனதையும் கொடுப்பாராக.

தங்கள் மருமகன்,
லியனார்ட்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ராஜினாமா பற்றிய பகுதியைத் தயவுசெய்து அடித்துவிடவும். கையெழுத்து வாங்கலாம் என்று மேலே போனேன். படி நெடுகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், எனக்குப் பெயர்கூடத் தெரியாத தோட்டங்களிலிருந்து. உள்ளே மாஸ்டர் அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தார்; வீரய்யா பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார், சத்தமே இல்லாமல். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் உங்கள் மகள் நிமிர்ந்து பார்த்து, மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில், "ஒங்களுக்கு என்ன கஷ்டம், சொல்லுங்க" என்றாள். காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, தேத்தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றேன். "எல்லாருக்கும் போடுங்க" என்றாள். போட்டுக் கொடுத்துவிட்டு, கட்சியில் சேர்ந்துவிட்டு, இப்போதுதான் கீழே வந்தேன்.

தங்கள் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அங்கேயும் ஒரு குடும்பத்துக்குப் பத்துச்சீட்டு கொடுத்திருக்கிறார்களாம். பாஸ்குப் பெருநாள் கழிந்த திங்கட்கிழமை காலை நாங்கள் எல்லாரும் டயகமப் பெரட்டுக் களத்துக்கு வருகிறோம். உங்கள் மகள் சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்: "அப்பா தொர பக்கம் நிக்கிறாரா எங்க பக்கம் நிக்கிறாரான்னு அவரே முடிவு பண்ணட்டும். எந்தப் பக்கம் நின்னாலும் கம்பளிச் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க, அவருக்குப் பனி ஒத்துக்காது."